வாளியா, பூச்செண்டா?

(கடந்த மாரிகாலத்தில் நோத்ர-டாம்-த-கிரேசில் நடந்த முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சுவழக்கை முற்றாக மாற்றாமல் புத்தாண்டு மலருக்காக எழுதித் தரப்படுகிறது.)



எங்கட செயலாளர் தம்பி ரெலிபோன் எடுத்து, "ஐயா, இந்த முறை கொஞ்சம் பகிடியான விசயமாப் பேசுங்கோ. போன முறை சங்க இலக்கியம் பேசினவர், முன்வரிசை முழுக்க நித்திரையாப் போச்சு" என்று சொன்னார். பகிடி என்றதும் எனக்கு ஒரு வெள்ளைக்காரப் பெரியம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தலையில் தொப்பி, கையில் கையுறை, வாயில் ஒரு போதும் ஓயாத அதிகாரம். அந்தப் பெரியம்மாவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

பற்றீசியா றூற்லெட்ஜ் என்ற ஆங்கில நடிகை 2025 ஒக்ரோபர் 3ஆம் திகதி 96 வயதில் காலமானார். மேடையில் பாடி நடித்தவர். 1968இல் அமெரிக்காவில் ரோனி விருது வாங்கியவர். 2017இல் பிரித்தானிய அரசு 'டேம்' பட்டம் கொடுத்தது. இவ்வளவு இருந்தும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரில் வந்த ஹயசிந்த் என்ற மனுசியாகத்தான். 1990 ஒக்ரோபரில் தொடங்கி 1995 நத்தார் நாளோடு முடிந்த தொடர். எழுதியவர் றோய் கிளார்க். நத்தார் விசேடங்களையும் சேர்த்து மொத்தம் 44 பாகம். பிபிசி வெளிநாடுகளுக்கு விற்ற நிகழ்ச்சிகளிலேயே மிகக் கூடுதலாக விலைப்பட்டது இதுதான் என்று 2016இல் செய்தி வந்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஹயசிந்தின் புருசன் பெயர் றிச்சர்ட் பக்கெற். பக்கெற் என்றால் எங்கட கிணத்தடி வாளி. இந்த அம்மாவுக்கு அது வெட்கம். அதனால் 'பூக்கே' என்று சொல்ல வேணும் என்று எல்லோரையும் திருத்துவார். பூக்கே என்றால் பூச்செண்டு. எழுத்தைப் பார்த்தால் வாளி, வாயால் சொன்னால் பூச்செண்டு. இவருக்கு மூன்று சகோதரிகள்: டெய்சி, றோஸ், வயலற். நாலு பேருக்கும் பூவின் பெயர். பெற்றவர்கள் நல்லாய்த்தான் யோசித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் டெய்சி அரசாங்க வீட்டுத்திட்டத்தில் இருக்கிறா. அவவின் புருசன் ஒன்ஸ்லோ வேலைவெட்டி இல்லாமல் பெனியனோடும் பியர் ரின்னோடும் கட்டிலில் கிடந்து ரி.வி. பார்ப்பவர். முற்றத்தில் துருப்பிடித்த கார் ஒன்று, அதற்குள்ளே ஒரு நாய். ஹயசிந்த் போகிற ஒவ்வொரு முறையும் அது குரைக்கும், அவ பயந்து வேலிக்குள்ளே விழுவா. றோசுக்குப் பாவாடையும் கட்டை, காதலும் கட்டை. புத்தி தடுமாறின தகப்பனும் அந்த வீட்டில்தான். வயலற் மட்டும் பணக்காரி. ஆனபடியால் ஹயசிந்த் வாய் ஓயாமல் வயலற்றின் மேர்சிடிஸ் காரைப் பற்றிக் கதைப்பா. டெய்சி வீட்டைப் பற்றி மூச்சு விடமாட்டா.

நாங்கள் இதைப் பார்த்த விதத்தையும் சொல்ல வேணும். தொண்ணூறுகளில் இந்த என்.டி.ஜி.யில் ஒரு மூன்றறை அப்பாட்மென்றில் ஐந்து பேர் இருந்தோம். ரி.வி. காசு கொடுத்து வாங்கினது இல்லை. யூலை முதலாம் திகதி மொன்றியலே வீடு மாறுமல்லோ, அன்றைக்குத் தெருவில் வைத்துவிட்டுப் போனதைத் தூக்கி வந்தது. கேபிள் இல்லை. கொம்பு அன்ரனாவைத் திருப்பித் திருப்பி வைத்தால் எல்லைக்கு அப்பால் இருந்து அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி தெரியும். அதில் பிரித்தானிய நகைச்சுவைகள் போடுவார்கள். இடையில் நிறுத்திவிட்டு, "காசு அனுப்புங்கோ" என்று கேட்பார்கள், கோயில் திருவிழாவில் உபயகாரர் பெயர் வாசிக்கிற மாதிரி. ஆங்கிலம் பாதி விளங்காது. ஆனால் ஹயசிந்த் விளங்கினா. அவவை எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆளுக்கு ஒரு ஹயசிந்த் ஊரில் இருந்தா.

கீழ்வீட்டுக் குடும்பமும் பார்க்க வருவார்கள். அப்போதுதான் ஒரு புதினம் கண்டேன். எல்லோரும் ஒரே படத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஆனால் ஆளுக்கு ஒரு பக்கம். பெடியன்கள் எல்லாம் ஒன்ஸ்லோவின் கட்சி. "மனுசன் எவ்வளவு சந்தோசமா இருக்கிறான், ஆருக்கும் பயமில்லை" என்பார்கள். கலியாணம் முடித்த ஆண்கள் றிச்சர்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். கார் ஓட்டும்போது, "அந்தா ஆள் போகுது, பார்த்து ஓட்டு" என்று வெறும் றோட்டிலும் கட்டளை போடுகிற மனுசியை ஆர்தான் தாங்குவது? பக்கத்து வீட்டு எலிசபெத் கோப்பி குடிக்க வருவா, விலைகூடின கோப்பை உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கை நடுங்கி ஊற்றிவிடுவா. அவவின் தம்பி எமெற் சங்கீதகாரன், ஹயசிந்தைக் கண்டால் பாடத் தொடங்கிவிடுவா என்று வேலி மறைவில் ஒளிந்து ஓடுவான். தபால்காரன் பயம், பாதிரியார் பயம். மெழுகுதிரி வெளிச்சத்தில் இராச்சாப்பாடு என்று அவ அழைத்தால், ஊர் முழுக்க இல்லாத வருத்தமெல்லாம் சொல்லித் தப்பப் பார்க்கும்.

கீழ்வீட்டு மாமி மட்டும் சிரிக்கமாட்டா. ஊரில் ஆசிரியையாக இருந்தவ. இங்கே வந்து ஷபனல் வீதித் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைப் பொக்கற் தைத்தவ. ஒருநாள் எல்லோரும் சிரித்து முடிய அவ சொன்னா: "தம்பிமார், அந்த மனுசி விடிய எழும்பி வீட்டைத் துடைக்குது, நேரத்துக்குச் சமைக்குது, ஆக்களைக் கூப்பிட்டு உபசரிக்கப் பார்க்குது. றிச்சர்ட் என்னத்தைச் செய்யிறார்? பேப்பர் வாசிக்கிறார். அவவுக்கு ஒரு பள்ளிக்கூடத்தைக் குடுத்துப் பாருங்கோ, ஆறு மாசத்தில நேராக்கிப் போடுவா." நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அந்தக் கோணத்தில் நான் அதுவரை யோசிக்கவில்லை. ஒரு பட்டாளத்தை நடத்தக்கூடிய ஆளை ஒரு சின்ன வீட்டுக்குள் பூட்டி வைத்தால், அது கோப்பைகளுக்கும் கதவுப்பிடிக்கும்தான் கட்டளை போடும்.

இதே ஆளை இந்தியாவிலும் கண்டிருப்பீர்கள். 2004இல் ஸ்டார் வன்னில் தொடங்கிய 'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' தொடரில் ரத்னா பாதக் ஷா நடித்த மாயா சாராபாய். தென் மும்பைப் பணக்கார மாமியார். மருமகள் மொனிஷா பேரம் பேசிச் சாமான் வாங்கினால் மாயாவுக்கு நெஞ்சு வெடிக்கும். 'மிடில் கிளாஸ்' என்ற சொல்லை அவ சொல்லுகிற விதத்திலேயே அது ஒரு வியாதியின் பெயர் மாதிரிக் கேட்கும். எங்கட பிள்ளைகள் அதைப் பார்த்து மொனிஷாவைவிட மாயாவைத்தான் கூட விரும்பினார்கள். அங்கேயாவது இந்திரவதன் என்ற புருசன் எதிர்த்துப் பகிடி பண்ணுவார். அதை நடித்த சதீஷ் ஷா, றூற்லெட்ஜ் போய் மூன்று கிழமையில், அதே 2025 ஒக்ரோபரில் காலமானார். றிச்சர்டுக்கு அந்த வாய் இல்லை, பாவம்.

இனி அந்தப் பெயர் விசயத்துக்கு வருகிறேன். மொன்றியலில் இருந்து பார்க்கிற எங்களுக்கு அதில் ஒரு தனிப் பகிடி இருக்கு. 'பூக்கே' என்பது பிரெஞ்சுச் சொல். இங்கிலாந்தில் பிரெஞ்சு மாதிரி உச்சரித்தால் நீங்கள் உயர்ந்த இடம். இந்த நகரத்தில் கதை மறுவளம். இங்கிருந்து 105ஆம் இலக்க பஸ்சில் வான்டோம் மெற்றோவுக்குப் போய்க் கொஞ்சம் கிழக்கே நடந்தால் வெஸ்மவுண்ட். அந்த மேட்டில் இருந்த முதலாளிமார் பேசியது ஆங்கிலம். கிழக்கே தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் பேசியது பிரெஞ்சு, அதுவும் 'ஜுவால்' என்கிற தெருப் பிரெஞ்சு. அறுபதுகளில் கியூபெக் தலைகீழாக மாறத் தொடங்கும் வரைக்கும் அதுதான் நிலைமை. 1968 ஆகஸ்டில் இந்த நகரத்து றிடோ வேர் அரங்கில் மிஷேல் ட்ரொம்ப்ளே எழுதிய 'லே பெல்-சேர்' என்ற நாடகம் மேடையேறியது. 15 பெண்கள், ஒரு குசினி. வீட்டுக்காரிக்குப் பரிசாகப் பத்து இலட்சம் வியாபார முத்திரை விழுகிறது. ஒட்டித் தர வந்த சொந்தக்காரிகளும் அயலட்டையும் அதையே களவெடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளே லிசெற் த கூர்வால் என்று ஒருத்தி. ஐரோப்பா பார்த்து வந்தவ. விலைகூடின மென்மயிர்ச் சால்வையோடு வருவா. மற்றப் பெண்கள் பேசுகிற பிரெஞ்சு அவவுக்கு வெட்கம். தான் பாரிஸ்காரி மாதிரி நாக்கை வளைத்துப் பேசப் பார்ப்பா. 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போன எங்கட பிள்ளைகள் சிஜெப்பில் இதைப் படித்தவர்கள். என்ட மகள் படித்துவிட்டு வந்து, "அப்பா, இது எங்கட சின்ன மாமிதானே" என்றா. ஆரென்று சொல்லமாட்டேன், அவ இந்த மண்டபத்துக்கு வந்தாலும் வருவா.

யாழ்ப்பாணத்தில் மட்டும் என்ன குறைச்சல்? 1940இலேயே பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 'நானாடகம்' என்ற தொகுப்பை எங்கட பேச்சுத் தமிழிலேயே எழுதி வெளியிட்டார். அதில் ஒரு நாடகத்தின் பெயர் 'உடையார் மிடுக்கு', இன்னொன்று 'நாட்டவன் நகர வாழ்க்கை'. பிறகு இலங்கை வானொலியில், சானா என்ற சண்முகநாதனின் பெயரோடு இன்றைக்கும் நினைவில் நிற்கிற 'லண்டன் கந்தையா'. மிடுக்கு, எடுப்பு, நடப்பு, பவிசு, புளுகு... இந்த ஒரு குணத்துக்கு எங்களிடம் எத்தனை சொல் இருக்கென்று எண்ணிப் பாருங்கோ. பழகின சாமானுக்குத்தான் சொல்லும் கூட இருக்கும்.

அகதியாக வந்த பிறகு இது குறைய வேண்டுமே, இல்லை, கூடினது. ஏனென்று நான் கனகாலம் யோசித்தேன். ஊரில் ஒருத்தனுக்கு வீடு, வளவு, உத்தியோகம், கோயிலில் ஒரு திருவிழா என்று நாலு தூண் இருந்தது. கப்பல் ஏறினதும் நாலும் போச்சு. மிஞ்சினது வாய் மட்டும். சேர்புறூக் வீதி றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவிவிட்டு, ஈரக் கையோடு தொலைபேசி அட்டையைச் சுரண்டி ஊருக்கு எடுத்து, "ஓம் அம்மா, நான் ஒரு கொம்பனியில சுப்பர்வைசர்" என்று சொன்ன பெடியனை எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அவர்களும் தங்கட தாய்மாருக்கு அப்படித்தான் ஏதோ ஒன்று சொல்லியிருந்தார்கள். தாய் அதை அயலுக்குச் சொல்ல வேணும். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வேணும். அந்தப் பொய்யில் ஒரு குடும்பத்தின் மானம் தொங்கினது. ஹயசிந்த் வெள்ளை ரெலிபோனைக் காதில் வைத்து, 'பூக்கே இல்லம், வீட்டுத் தலைவி பேசுகிறேன்' என்ற கணக்கில் குரலை உயர்த்துவா. மறுபக்கத்தில் இருப்பவன் சீனச் சாப்பாட்டுக் கடை என்று நினைத்து இலக்கம் மாறி எடுத்தவனாக இருப்பான். அந்தக் கட்டத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க, அந்த 'சுப்பர்வைசர்' தம்பி மட்டும் எழும்பித் தண்ணி குடிக்கப் போவான்.

ஹயசிந்த் ஏன் அப்படி ஆனா என்று பிபிசிக்கும் கேள்வி எழுந்திருக்கு. 2016இல் 'யங் ஹயசிந்த்' என்று ஒரேயொரு பாகம் எடுத்தார்கள். கெரி ஹவார்ட் என்ற நடிகை நடித்தார். அதில் ஹயசிந்த் 1950களின் குமர்ப்பிள்ளை. வாய்க்கால் கரையில் ஒரு சின்ன வீடு, குடிகாரத் தகப்பன், தங்கச்சிமார். அவ வேலைக்குப் போவது பணக்கார வீட்டுக்கு, வேலைக்காரியாக. பார்த்தவர்களிடம் அதற்கு இரண்டு மாதிரியான வரவேற்பு. பழைய ஹயசிந்தின் பகிடியை விளக்கம் சொல்லிக் கெடுத்துப் போட்டார்கள் என்று சிலர். எனக்கு அது பிடித்தது. மற்றவர்களின் வெள்ளிக் கரண்டியை மினுக்கின கை, பிறகு தன் வீட்டுக் கோப்பையை ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொல்லுது. இதைத் தெரிந்துகொண்டு பழைய பாகங்களைத் திரும்பப் பார்த்தால் சிரிப்பு நிற்காது, ஆனால் சிரிக்கிற இடம் மாறும்.

ஆனால் இங்கே ஒரு விசயத்தைப் பகிடி இல்லாமல் சொல்ல வேணும். ஹயசிந்தை நாங்கள் சிரித்து மன்னிக்கக்கூடியதாக இருப்பதற்குக் காரணம், அவவிடம் ஒரு அதிகாரமும் இல்லை. தன் புருசனையும் அயல் வீட்டுப் பெண்ணையும் தவிர ஒருத்தரையும் அவவால் ஒன்றும் செய்ய ஏலாது. எங்கட ஊர் மிடுக்கு அப்படியான மிடுக்கு இல்லை. அதுக்குக் கிணறு இருந்தது, காணி இருந்தது, கோயில் வாசல் இருந்தது. சாதிக் கட்டுப்பாட்டைத் தடுக்க 1957இல் சட்டம் வந்தும், தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் சரிசமமாக இருந்து குடிக்கலாம் என்பதற்காக 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. பொலிஸ் அடித்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போய்க் கும்பிடுவதற்காக வாசலில் மறியல் இருந்தார்கள். கதவைப் பூட்டினவர்களும் தங்களை 'நல்ல குடும்பம்' என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி 44 பாகம் எடுத்தால் ஒருத்தருக்கும் சிரிப்பு வராது.

அது பழைய கதை, ஏன் இப்ப கிண்டுகிறீர் என்று முன்வரிசையில் இருக்கிற ஐயாவின் முகம் கேட்கிறது. பழைய கதை என்றால் சந்தோசம். சில வருடங்களுக்கு முந்தி இந்த நகரத்தில் ஒரு சம்பந்தப் பேச்சுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெடியனும் பெட்டையும் இங்கேயே பிறந்தவர்கள், இருவரும் பிரெஞ்சில்தான் சண்டை பிடிப்பார்கள், பிரெஞ்சில்தான் சமாதானம் ஆவார்கள். தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது. பிறகு பெடியன் பக்கத்துப் பெரியம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குரலை மெதுவாக்கிக் கேட்டா: "அது சரி, நீங்கள் ஊரில எந்தப் பக்கம்?" பக்கம். ஒரேயொரு சொல். அந்தப் பெட்டையின் தகப்பன் முப்பது வருடம் இந்த நாட்டில் வரி கட்டின மனுசன். அவர் தலையைக் குனிந்து பலகாரத் தட்டைப் பார்த்ததை நான் மறக்கமாட்டேன். அந்தப் பெரியம்மாவுக்கும் தொப்பி ஒன்றுதான் குறை. ஆனால் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் இருவரும் பிறகு நகரசபையில் பதிந்து கலியாணம் முடித்தார்கள், பெரியம்மா வரவில்லை. சாப்பாடு நல்லாய் இருந்தது.

இன்னொரு 'பக்கமும்' இருக்கு. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். அங்கத்தை மீனவர்கள் தூக்கிக் கரைசேர்த்தார்கள். அவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் என்னவெல்லாம் எழுதினார்கள், றேடியோவில் என்னவெல்லாம் கதைத்தார்கள் என்று எங்கட வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். வேலைத்தலத்தில் எங்களைப் பார்த்தவர்களின் பார்வையும் ஞாபகம் இருக்கும். 2009 ஒக்ரோபரில் 'ஓஷன் லேடி'யில் 76 பேர் வந்தார்கள். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 பேர் வந்தார்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து கொஞ்சக் காலத்தில் வந்த சனம். கரைக்கு வந்தவுடன் தடுப்பில் வைத்தார்கள். அப்போது நான் என் காதால் கேட்டது: "இதுகள் கப்பலில வந்ததுகள், இதுகளால எங்களுக்கும் கெட்ட பேர்." சொன்னவர் எப்படி வந்தவர்? அவரும் முதலாம் வகுப்பு ரிக்கற்றில் கால் நீட்டிக்கொண்டு வந்தவர் இல்லை. ஏஜன்சிக்காரன் கொடுத்த ஆரோ ஒருத்தரின் பாஸ்போட்டில், வேறொரு பெயரைப் பாடமாக்கிக்கொண்டு வந்தவர். இருபது வருடத்தில் பிரஜாவுரிமை, ஒரு வீடு, ஒரு காராஜ். இப்ப அவருக்குக் கப்பலில் வந்த சனத்தைக் கண்டால், டெய்சி வீட்டுக் கார் புகை கக்கிக்கொண்டு தன் வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கு. அயல் பார்த்துவிடுமே என்று ஹயசிந்த் பூமரத்துக்குப் பின்னால் ஒளிகிற கட்டம் இருக்கல்லோ, அதுதான்.

நான் அவரை முழுக்கக் குற்றம் சொல்லவும் இல்லை. அவர் பயந்தவர். மேலே ஏறினவனுக்கு ஏணி ஆடும். ஆனால் பயந்தவர் என்பதற்காக அந்தச் சொல் சரி என்றும் ஆகாது. தடுப்பில் கிடந்த பெண்ணுக்கு அது காதில் விழுந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

இந்த இடத்தில்தான் ஹயசிந்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். தொடரை ஊன்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ டெய்சி வீட்டுக்கு வெட்கப்படுவா, மூக்கைப் பொத்துவா, அந்தக் கதிரையில் இருக்கமாட்டா. ஆனால் ரெலிபோன் வரும்: அப்பாவைக் காணேல்ல, ஆரோ ஒரு மனுசிக்குப் பின்னால் ஓடிவிட்டார். "றிச்சர்ட், காரை எடு" என்பா. நடுச்சாமம் என்றாலும் போவா, தொப்பியோடு போவா, வழிநெடுகப் புறுபுறுத்துக்கொண்டு போவா. ஆனால் போவா. அப்பாவை அவ ஒருநாளும் இல்லையென்று சொல்லவில்லை. தங்கச்சிமாரைப் பெரிய மனிதர் முன்னால் மறைப்பா, ஆனால் கைவிடமாட்டா. மற்றப் பக்கமும் அப்படித்தான். இவ இவ்வளவு அவமானப்படுத்தியும் டெய்சி, "அக்கா வந்திட்டா" என்று சந்தோசப்படுவா. ஒன்ஸ்லோ கட்டிலில் கிடந்தபடியே சகலன் றிச்சர்டுக்கு ஒரு பியரை நீட்டுவார். அந்த மனுசன் முழுச் சோம்பேறி என்று நினைத்தால், இடைக்கிடை பெரிய பெரிய விஞ்ஞான விசயமெல்லாம் கதைப்பார். ஹயசிந்துக்கு அது காதில் ஏறாது. பெனியன்தான் கண்ணில் குத்தும்.

என்ட பெரியம்மாவும் அப்படித்தான். கொழும்பில் இருந்து யாழ்தேவியில் வந்து இறங்கினால் எங்கட வீட்டுக் கோப்பையில் தேத்தண்ணி குடிக்கமாட்டா. தன்னுடைய கோப்பையைப் பையில் கொண்டுவருவா. சின்ன வயதில் எங்களுக்கு அவவைக் கண்டால் வெறுப்பு. 1983 யூலைக்குப் பிறகு அவவும் அகதிக் கப்பலில்தான் காங்கேசன்துறைக்கு வந்தா. கையில் ஒரு பை. உள்ளே கோப்பை இல்லை. எங்கட வீட்டில் இரண்டு வருடம் இருந்தா. அம்மாவின் குசினியில் நின்று, "இப்படியே கறி வெட்டுறது?" என்று அம்மாவைத் திருத்துவா. அம்மா பல்லைக் கடிப்பா. 1985இல் அம்மா நோயாகக் கிடந்தபோது பாயைக் கழுவினதும் அவதான், அப்பவும் திருத்திக்கொண்டுதான் கழுவினா. அவவைப் பற்றி என்னிடம் கேட்டால், அரைவாசி நாள் கோபம், அரைவாசி நாள் கண்ணில் தண்ணி. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்றால் என்னால் ஏலாது. ஹயசிந்தைப் பார்க்கிற ஆக்களுக்குள்ளும் அந்தச் சண்டைதான் நடக்குது என்று நினைக்கிறேன்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒரேயொரு விசயம் சொல்லி நிற்பாட்டுகிறேன். ஹயசிந்துக்கு ஷெரிடன் என்று ஒரு மகன். அவனைப் பற்றித்தான் அவவுக்கு எல்லாப் புளுகும். என்ட மகன் படிக்கிறான், என்ட மகன் கெட்டிக்காரன், என்ட மகனைப் போல அன்பான பிள்ளை இல்லை. ரெலிபோன் வரும். அவ முகம் பூவாய் விரியும். அவன் காசு கேட்பான். றிச்சர்ட் தலையில் கை வைப்பார். 44 பாகத்திலும் அவனை ஒருக்காலும் காட்டவில்லை. வாசல்மணி எத்தனையோ தரம் அடிக்குது, அவன் வரவில்லை. இந்த மண்டபத்தில் இருக்கிற தாய்மாருக்கு இதைச் சொல்லும்போது நான் யோசித்துத்தான் சொல்கிறேன். ரொறன்ரோவிலும் கல்கரியிலும் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி நீங்கள் இன்றைக்குப் பின்னேரம் ஒருவருக்கொருவர் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சொல்லுங்கோ, நல்லாய்ச் சொல்லுங்கோ.

செயலாளர் தம்பி இந்தத் தொடரின் இரண்டு பாகத்தை அடுத்த கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் விளங்காத இடத்தில் நான் பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன். கோப்பை மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டுவாங்கோ, சங்கத்தில் இருக்கிறது காணாது.